குட்டி யானை எவ்வளவு சுமக்கலாம்?

பெங்களூர் நகரம் கண் விழிக்கும் முன்பே கலாசிபாளையத்தில் வியாபாரம் சூடு பிடித்துவிடுகிறது. ஓசூர், மாலூர், கோலார் பக்கமிருந்து வரும் காய்கறிகள் இறங்குகின்றன. சிட்டி மார்க்கெட்டில் பூ மூட்டைகள் பிரிகின்றன. தரகுபேட்டையில் அரிசியும் பருப்பும், யஷ்வந்தபுரம் யார்டில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மலை போல் குவிகின்றன. பகல் நேரத்தில் பெரிய லாரிகள் நகருக்குள் வரக் கட்டுப்பாடு உண்டு. அப்படியே வந்தாலும் பேட்டைச் சந்துகளில் அவை திரும்ப இடமில்லை. ஆகவே லாரியில் வந்த சரக்கு கடைக்கும் ஓட்டலுக்கும் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கும் போய்ச் சேருவது சின்னச் சின்ன வண்டிகளில்தான்.

இந்த வண்டிகளுக்குத் தமிழர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'குட்டி யானை'. வடக்கே 'சோட்டா ஹாத்தி' என்கிறார்கள். 2005-ம் ஆண்டு மே மாதம் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்ற நாலு சக்கரச் சிறு வண்டியைக் கொண்டுவந்தபோது பிறந்த பெயர் அது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி. டீசல் என்ஜின். சுமக்கும் சக்தி முக்கால் டன், அதாவது 750 கிலோ. பின்னர் 2011-ல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையிலிருந்து 'தோஸ்த்' வந்தது. அது 1¼ டன் சுமக்கும். இவற்றுக்கு முன்னால் மெட்டடாரும், 1986-ல் வந்த 'டாட்டா 407'-ம் இந்த வேலையைச் செய்தன.

பெங்களூரில் இந்த வண்டிகளை ஓட்டுகிறவர்களில் தமிழர்கள் ஏராளம். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் பிறந்து வளர்ந்தவர்கள் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் உண்டு. பலருக்கு வண்டி தவணையில் வாங்கியது. அவரே டிரைவர், அவரே முதலாளி, சில நாளில் அவரே லோடுமேன்!

"இன்னும் அஞ்சு மூட்டைதானே?"

முக்கால் டன் வண்டியில் முக்கால் டன் மட்டும் ஏற்றுகிறவர்கள் எத்தனை பேர்? ஸ்டாண்டில் போய்க் கேட்டால் சிரிப்புத்தான் பதிலாகக் கிடைக்கும். "ஒன்றரை டன்னும் இழுக்கும் சார்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு.

"இன்னும் அஞ்சு மூட்டைதானே அண்ணே, பக்கத்துலதானே போகுது?" என்பார் சரக்குக்காரர். "சரிங்க மொதலாளி" என்பார் டிரைவர். மறுத்தால் அடுத்த வண்டிக்காரர் தயாராக நிற்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். அந்த ஐந்து மூட்டைக்குத் தனி வாடகை கிடையாது. இன்னொரு நடைக்கான வாடகை மிச்சமாவது சரக்குக்காரருக்கு. வழியில் மடக்கினால் அபராதம் டிரைவருக்கு!

அந்த அபராதம் எவ்வளவு என்று அறிந்தால் சிரிப்பு நின்றுவிடும். 2019-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அந்த ஆண்டு செப்டம்பர் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. அதன் 194-வது பிரிவுப்படி அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20 ஆயிரம் ரூபாய். அதற்கு மேல், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆயிரம் ரூபாய். சரக்கை இறக்கும் கூலியும் தலையில்தான். முன்பு இதே குற்றத்துக்கு 2 ஆயிரமும், டன்னுக்கு ஆயிரமுமாக இருந்தது. ஒரே தாவலில் அடிப்படை அபராதம் பத்து மடங்கு ஆகிவிட்டது.

இதில் சிறு வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெரிய லாரி 10 டன் கூடுதலாக ஏற்றிப் பிடிபட்டால் 20 ஆயிரமும், டன் கணக்கில் இன்னொரு 20 ஆயிரமும் சேர்ந்து 40 ஆயிரம். குட்டி யானை ஐந்தாறு மூட்டை கூடுதலாக ஏற்றிப் பிடிபட்டாலும் 20 ஆயிரத்திலிருந்துதான் கணக்குத் தொடங்குகிறது. டன் கணக்கில் பார்த்தால் பெரியவருக்குக் கிலோவுக்கு 4 ரூபாய். 250 கிலோ கூடுதலாக ஏற்றிய சிறியவருக்கோ கிலோவுக்கு 80 ரூபாய்! ஒரு நடைக்குச் சில நூறு ரூபாயோ, மிஞ்சினால் ஆயிரத்துச் சில்லறையோ சம்பாதிக்கிறவருக்கு இது ஒரு மாதத் தவணையை விழுங்கும் தொகை.

ஆர்.சி.யில் இரண்டு எண்கள்

அப்படியானால் எவ்வளவு ஏற்றலாம்? இதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய வேண்டாம். விடை டிரைவரின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் போய்க் கார்டு வந்துவிட்டது. அதில் இரண்டு எண்களைத் தேடவேண்டும். ஒன்று 'அன்லேடன் வெயிட்', அதாவது வண்டியின் காலி எடை. மற்றொன்று 'கிராஸ் வெயிட்', அதாவது வண்டியும் சுமையும் ஆட்களும் சேர்ந்த மொத்த எடை. ரயில்வே வேகன்களின் பக்கவாட்டில் காலி எடையும் சுமக்கும் அளவும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லாரிகளிலும் அப்படி எழுதியிருப்பார்கள். சின்ன வண்டிகளில் பெயிண்டு அழிந்தால் மறுபடி எழுதுகிறவர்கள் குறைவு.

மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவது முழுவதும் சரக்குக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சட்டத்தின் விளக்கப்படி காலி எடையில் டிரைவரும் உதவியாளரும் சேரமாட்டார்கள். மொத்த எடையில் அவர்களும் அடக்கம்.

உதாரணமாக, ஒரு வண்டியின் மொத்த எடை 2,500 கிலோ, காலி எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,300. டிரைவரும் லோடுமேனுமாக இருவர் 130 கிலோ. ஆக சரக்குக்கு 1,170 கிலோதான். இதைத் தாண்டினால் 113-வது பிரிவை மீறியதாகும்.

இதே பிரிவில் இன்னொரு கண்ணியும் உண்டு. மொத்த எடை மட்டுமல்ல, காலி எடையும் ஆர்.சி.யில் உள்ளதைத் தாண்டக்கூடாது. வண்டி வாங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை என்ன? நாலு பக்கமும் உயரமாக இரும்புக் கம்பி வேலி, தார்ப்பாய் போடக் குழாய்ச் சட்டம், தரைக்குத் தடித்த தகடு, ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை. நூறு கிலோ சேர்ந்துவிட்டால், ஒரு மூட்டைகூட ஏற்றாமலே வண்டி குற்றவாளி ஆகிவிடும். பாடி கட்டினால் அதை ஆர்.டி.ஓ.விடம் காட்டி, எடை போட்டு, ஆர்.சி.யில் பதிந்துகொள்வதே முறை. அப்படிப் பதியும்போது சரக்குக்குரிய இடம் அந்த அளவு குறையும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஸ்பிரிங்குக்குப் பட்டை சேர்த்தால் வண்டி கூடுதலாகச் சுமக்கும் என்பது பெரும் மயக்கம். பட்டை சேர்த்தால் பின்பக்கம் தாழாமல் இருக்கும், அவ்வளவுதான். பிரேக்கும் டயரும் ஆக்சிலும் பழையவைதானே? அதிகச் சுமையைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதுதான் அந்தப் பட்டை செய்யும் வேலை.

மூட்டைக் கணக்கு

கிலோவாகச் சொன்னால் மனத்தில் நிற்காது. முக்கால் டன் வண்டிக்குச் சரக்காகவே கணக்குப் பார்ப்போம்.

சிமெண்ட் மூட்டை 50 கிலோ. பதினைந்து மூட்டையில் முடிந்தது. கோலார் மார்க்கெட்டின் 15 கிலோ தக்காளிப் பெட்டி என்றால், பெட்டியின் சொந்த எடையும் சேர்த்து நாற்பத்தைந்து பெட்டி அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். 20 லிட்டர் குடிதண்ணீர் கேன் முப்பத்தைந்து.

இரும்புக் கம்பிக்குக் கொத்தனார்கள் அறிந்த கணக்கு ஒன்று உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லி மீட்டரில் எடுத்து, அதையே அதால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி என்றால் மீட்டருக்கு 890 கிராம் அளவு. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10 கிலோ 700 கிராமைத் தொடும். எழுபது கம்பியோடு முக்கால் டன் சரி. கம்பிகள் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அது தனிக் குற்றம். பாடியின் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ அளவைத் தாண்டிச் சரக்கு நீண்டால், எடை சரியாக இருந்தாலும் 20 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது.

ஏமாற்றும் சரக்கு கிரானைட். ஜிகணிப் பக்கம் அறுத்துப் பாலிஷ் போடும் பலகைகள் பார்வைக்கு ஒல்லியாக இருக்கும். 20 மி.மீ. கனமுள்ள பலகை ஒரு சதுர அடிக்கு 5 கிலோ. 150 சதுர அடியில், அதாவது ஒரு சின்ன அறையின் தரைக்கு வேண்டிய அளவில், குட்டி யானையின் கணக்கு நிறைந்துவிடும். வண்டியோ முக்கால்வாசி காலியாகத் தெரியும்! "இவ்வளவு இடம் இருக்கே" என்று இன்னும் நாலு பலகையைச் சாய்ப்பார்கள்.

மணல் ஒரு கன அடி ஏறத்தாழ 45 கிலோ. நனைந்திருந்தால் இன்னும் அதிகம். பதினாறு கன அடியே இந்த வண்டிக்கு எல்லை. மேஸ்திரிகள் 'ஒரு யூனிட்' என்று சொல்லும் நூறு கன அடி மணல் 4½ டன். வாழை இலை, மெத்தை, பிளாஸ்டிக் குடம் போன்றவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. பாடி நிறைந்தாலும் எடை ஏறாது.

தண்ணீரும் எடைதான்

பெங்களூரில் தண்ணீர் லாரிகளையும் டிராக்டர் டிரெய்லர்களையும் பார்க்காத தெரு இல்லை. 2024-ம் ஆண்டு கோடையில் ஏற்பட்ட தண்ணீர்ப் பஞ்சத்தின்போது, மார்ச் மாதத்தில் பெங்களூர் நகர மாவட்ட நிர்வாகம் டாங்கர் தண்ணீருக்கு விலை நிர்ணயித்தது. 5 கிலோ மீட்டருக்குள் 6 ஆயிரம் லிட்டருக்கு 600 ரூபாய், 8 ஆயிரம் லிட்டருக்கு 700, 12 ஆயிரம் லிட்டருக்கு ஆயிரம் என்று அந்தப் பட்டியல் சொன்னது. விலையைப் பார்த்தவர்கள் பலர். எடையைப் பார்த்தவர்கள் சிலர்தான்.

தண்ணீருக்குத் தராசே வேண்டாம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 6 ஆயிரம் லிட்டர் என்றால் 6 டன் தண்ணீர். அதைச் சுமக்கும் லாரியும் இரும்பு டாங்கும் சேர்ந்தால் 7½ டன்னைத் தாண்டாமல் இருக்குமா? தாண்டினால் அது சட்டத்தின் கண்ணில் 'இலகு வாகனம்' அல்ல. அதை ஓட்டுகிற லைசென்சும் வேறு. 12 ஆயிரம் லிட்டர் டாங்கரோ கனரக வாகனத்தில்தான் சேரும். தவிர, பாதி நிரம்பிய டாங்கில் தண்ணீர் அலைமோதும். வளைவில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பிரேக் போட்டால் முன்னால் பாயும்.

டிராக்டருக்குப் பின்னால் பூட்டும் டிரெய்லரைப் பலர் வண்டியாகவே நினைப்பதில்லை. சட்டம் நினைக்கிறது. டிரெய்லருக்குத் தனிப் பதிவு, தனி எடை வரம்பு உண்டு. 113, 114-வது பிரிவுகள் மோட்டார் வாகனத்தோடு டிரெய்லரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. டிராக்டருக்கு இழுக்கும் வலு இருக்கிறது என்பதால் டிரெய்லரின் ஆக்சிலுக்குத் தாங்கும் வலு வந்துவிடாது. நிறுத்தும் பொறுப்பும் பெரும்பாலும் முன்னால் போகும் டிராக்டரின் பிரேக்கைச் சார்ந்தது.

சாலைக்கா, உயிருக்கா?

"பத்துச் சக்கர லாரி முப்பது டன்னோடு போகிறது. அதை விட்டுவிட்டு எங்களைப் பிடிக்கிறார்களே! எங்கள் வண்டியால் ரோடா உடைந்துவிடும்?" என்று சிறு வண்டிக்காரர்கள் குமுறுவதுண்டு. அந்தக் குமுறலில் உண்மை இல்லாமல் இல்லை.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958-ம் ஆண்டு முதல் 1960 வரை ஒரு பெரும் சோதனை நடந்தது. தனியாகச் சாலை போட்டு, பலவித எடையுள்ள லாரிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். ஆக்சில் மீதுள்ள எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ பதினாறு மடங்கு என்று கண்டார்கள். அந்தக் கணக்கில், 10 டன் அழுத்தும் லாரி ஆக்சில் ஒரு முறை போனால் ஏற்படும் சேதத்துக்கு, ஒரு டன் அழுத்தும் சிறு வண்டி ஆக்சில் பத்தாயிரம் முறை போகவேண்டும். சாலையை உடைப்பது குட்டி யானை அல்ல.

பாலங்களிலும் எடைக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பெங்களூர் மக்கள் கண்ணால் பார்த்தார்கள். தும்கூர் சாலையில் பீன்யா வழியாகச் செல்லும் மேம்பாலம் 4 கிலோ மீட்டருக்கு மேல் நீளமுள்ளது. 102, 103-வது தூண்கள் உள்ள இடத்தில் கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கும் கேபிள்கள் துருப்பிடித்துப் பழுதானது தெரிந்து, 2021 டிசம்பர் 25-ந்தேதி பாலம் மூடப்பட்டது. இந்திய விஞ்ஞானக் கழக நிபுணர்களின் ஆலோசனை பெற்று, 2022 பிப்ரவரியில் திறந்தபோது இலகு வாகனங்களுக்கு மட்டுமே அனுமதி. லாரிகளும் பஸ்களும் கீழே நெரிசலில் ஊர்ந்தன. புதிய கேபிள்கள் போட்டு, சுமையேற்றிய லாரிகளை நிறுத்திச் சோதித்த பிறகு, 2024 ஜூலை இறுதியில்தான் கனரக வாகனங்களுக்கு வழி கிடைத்தது. அப்போதும் பராமரிப்புக்காக வெள்ளிக்கிழமை காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை அவற்றுக்குத் தடை வைத்தார்கள். பாலத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு! அந்த இரண்டரை ஆண்டுகளில் மேலே போவது யார், கீழே போவது யார் என்று தீர்மானித்தது ஆர்.சி.யில் உள்ள எடைப் பிரிவுதான்.

ஆனால் சிறு வண்டிக்கு எடை வரம்பு வைத்திருப்பது சாலைக்காக அல்ல. ஓட்டுகிறவருக்காகவும், எதிரே வருகிறவருக்காகவும்தான். மொத்த எடை இரண்டு மடங்கானால், அதே வேகத்தில் வரும் வண்டியை நிறுத்தப் பிரேக் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். சரிவில் பிரேக் சூடேறும், பிடிப்புக் குறையும். பெங்களூரிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் தெரியும். அந்த இறக்கத்தில் விபத்துக்குள்ளான வண்டிகளின் கதையும் தெரியும்.

டயரும் பேசும். அதன் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். 80 என்றால் அந்த டயர் 450 கிலோ தாங்கும். 88 என்றால் 560 கிலோ. டயர் மாற்றும்போது விலையை மட்டும் பார்த்து எண் குறைந்த டயரைப் போட்டால், ஆர்.சி.யில் உள்ள எடையைக்கூட அது தாங்காமல் போகலாம்.

எடை மேடையில் உங்கள் உரிமை

"வண்டி தாழ்ந்திருக்கிறது, கட்டு பணத்தை" என்று சொன்னால் போதுமா? போதாது. அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், 114-வது பிரிவுப்படி வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். அந்த எடை மேடை, போகும் வழியில் 10 கிலோ மீட்டருக்குள்ளோ, சேரும் இடத்திலிருந்து 20 கிலோ மீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும். எடை கூடியிருந்தால் கூடுதலை இறக்கும்படி எழுத்து மூலம் உத்தரவிடலாம். இறக்கிய சரக்குக்கு நேரும் நஷ்டம் டிரைவர் பொறுப்பு. எடை போட மறுத்தாலோ, நிறுத்தாமல் போனாலோ, போகும் வழியில் சரக்கை இறக்கிவிட்டாலோ அபராதம் 40 ஆயிரம் ரூபாய். ஆகவே எடை போடச் சம்மதிப்பதே புத்திசாலித்தனம். எடைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்வது அதைவிடப் புத்திசாலித்தனம்.

பணத்தைக் கட்டிவிட்டால் அதே சுமையோடு போகலாம் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு கூடுதல் சுமையை அனுமதிக்கும் வழக்கம் சில மாநிலங்களில் இருந்தது உண்மை. பரம்ஜித் பசின் வழக்கில் 2005 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. கூடுதல் சுமையை இறக்காமல் வண்டி நகரக்கூடாது என்பதே சட்டம்.

2018-ம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு எடை வரம்பை உயர்த்தியதும் ஒரு குழப்பத்தை உண்டாக்கியது. இரண்டு டயர் உள்ள முன் ஆக்சிலுக்கு 6 டன்னாக இருந்தது 7 டன் ஆயிற்று. நாலு டயர் ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11½ டன் ஆயிற்று. "நமக்கும் கூட்டிவிட்டார்கள்" என்று சிறு வண்டிக்காரர்கள் சிலர் நினைத்துவிட்டார்கள். முக்கால் டன், ஒன்றேகால் டன் வண்டிகளின் ஆக்சில் அந்த உச்ச வரம்பின் அருகில்கூடப் போவதில்லை. அவற்றுக்கு வரம்பு, தயாரித்த கம்பெனி சோதனை செய்து பெற்று, ஆர்.சி.யில் ஏறிய எடைதான்.

லைசென்சும் இன்சூரன்சும்

எடையைப் பற்றிய நல்ல செய்தியும் உண்டு. இலகு வாகன லைசென்ஸ் மட்டும் உள்ளவர் சரக்கு வண்டி ஓட்டலாமா, தனிக் குறிப்பு வேண்டுமா என்று நெடுங்காலம் வழக்கு நடந்தது. விபத்து நேர்ந்தால் "லைசென்ஸ் சரியில்லை" என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் கைவிரித்தன. 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு டிரைவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதை மறுபரிசீலனை செய்த ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்சு 2024 நவம்பர் 6-ந்தேதி அதையே உறுதி செய்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை இலகு வாகன லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம். இந்த 7,500 என்ற எல்லை 1994 திருத்தத்தில் வந்தது. அதற்கு முன் 6 ஆயிரம்.

இன்னொரு சலுகை, மொத்த எடை 3 ஆயிரம் கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. அதனால் அத்திபெலே தாண்டி ஓசூருக்குப் போய்வரச் சிறு வண்டிகளுக்கு வசதி. பர்மிட் வேண்டாம் என்பதற்கு வரி, தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம் என்று பொருளல்ல.

சுமை கூடினால் லைசென்சுக்கும் ஆபத்து. சரக்கு வண்டியில் அதிகச் சுமை ஏற்றுவது லைசென்சை நிறுத்திவைக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் உள்ளது. இந்தக் குற்றத்துக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் லைசென்சை நிறுத்தவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு அமைத்த சாலைப் பாதுகாப்புக் கமிட்டி 2015-ல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மூன்று மாதம் வண்டி ஓட்டாமல் தவணை கட்டுவது எப்படி?

இன்சூரன்ஸ் பணமும் குறையும். அமலேந்து சாகு வழக்கில் 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு எடுத்துக்காட்டிய இன்சூரன்ஸ் விதிமுறைப்படி, அனுமதித்த அளவுக்கு மேல் ஏற்றிய வண்டி விபத்துக்குள்ளானால், கிடைக்கவேண்டிய நஷ்ட ஈட்டில் 75 சதவீதத்துக்கு மேல் கொடுக்கமாட்டார்கள். நூறு ரூபாயில் இருபத்தைந்து ரூபாயை அந்த ஐந்து மூட்டை தின்றுவிடும்.

யார் பொறுப்பு?

சட்டம் ஓட்டுகிறவரை மட்டும் குறி வைக்கவில்லை. 'ஓட்டுகிறவர், ஓட்டச் செய்கிறவர், ஓட்ட அனுமதிக்கிறவர்' என்று மூவரையும் 194-வது பிரிவு குறிப்பிடுகிறது. டிரைவர் வேறு, வண்டி முதலாளி வேறு என்றால், முதலாளிக்குத் தெரிந்தே நடந்ததாகக் கோர்ட்டு கருதலாம் என்று 113-வது பிரிவு சொல்கிறது. ஆனால் நடைமுறையில் ரோட்டில் நிற்பவர் டிரைவர். சரக்கை ஏற்றச் சொன்னவர் கடையில் இருக்கிறார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆர்.சி.யில் உள்ள இரண்டு எண்களையும், கழித்து வரும் சரக்கு எடையையும் கதவில் பெரிதாக எழுதி வைக்கலாம். வாடகை பேசும்போதே "எத்தனை மூட்டை, ஒரு மூட்டை எத்தனை கிலோ?" என்று கேட்டு, பில்லில் எடையைப் போடச் சொல்லலாம். கம்பி, கிரானைட், மணல் போன்ற சரக்கானால் புறப்படும் இடத்திலேயே எடை போட்டு, சீட்டைச் சரக்குக்காரர் செலவில் வாங்கலாம். வாயால் சொன்னால் "அட போய்யா" என்பவர், கதவில் எழுதியிருக்கும் எண்ணைக் காட்டினால் சற்று யோசிப்பார்.

ஒருவர் மட்டும் மறுத்தால் பிழைப்புப் போகும் என்பது மெய். ஒரு டிரைவர் இறக்கச் சொன்ன ஐந்து மூட்டையை அடுத்த டிரைவர் ஏற்றிக்கொள்கிறவரை சரக்குக்காரருக்கு எந்தச் சட்டமும் உறைக்காது. ஆனால் ஒரு ஸ்டாண்டில் பத்து வண்டி நிற்கிறது. பத்துப் பேரும் ஒரே கணக்கைச் சொன்னால், அந்த ஐந்து மூட்டைக்கு இன்னொரு வண்டியை அவர் கூப்பிட்டே ஆகவேண்டும். ஒரு நடைச் சுமை இரண்டு நடையாகும். ஒருவர் வாங்கிய வாடகையை இருவர் வாங்குவார்கள். பிரேக்கும் டயரும் பிழைக்கும். வீட்டில் காத்திருப்பவர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.